வாயில் ஊற்றாதீர்கள்: காய்ந்துபோன தவளையும் சில கடிதங்களும்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் "குளியலறைக்குள் வரும் தவளையை எப்படி வெளியேற்றுவது?" என்ற கேள்விக்கு நான்கு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி வெளியேற்றுவதைப் பற்றியே இல்லை. சோபாவுக்கு அடியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால், செருப்பு அலமாரிக்குள் காய்ந்து சுருண்டு கிடந்த தவளைகளைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுக்கத் தவளைக்கே.

புதிய வாசகர்களுக்காக ஒரு வரி: கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் 31 வருடம் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வருடங்களில் மேஜையில் கிடத்திக் கொடுத்த தவளைகளுக்குக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. தவளையைக் காப்பாற்ற ஆரம்பித்ததே ஓய்வுக்கு அப்புறம்தான்.

*

கே: அம்மா, சோபாவை நகர்த்தியபோது அடியில் ஒரு தவளை கிடந்தது. கட்டைவிரல் அளவு இருக்கும். உடம்பெல்லாம் தூசு, காலில் தலைமுடி சுற்றியிருந்தது. தொட்டால் பழைய தோல் செருப்புத் துண்டு மாதிரி இருந்தது. செத்துவிட்டது என்று முறத்தில் அள்ளப் போனேன். பின்னங்கால் ஒன்று லேசாக இழுத்துக்கொண்டது. என் மகள் அதன் வாயைத் திறந்து இங்க் பில்லரால் தண்ணீர் விட்டாள். பிறகு ஒரு மக் நிறையத் தண்ணீர் பிடித்து அதில் போட்டோம். அப்படியே அடியில் போய்விட்டது. பத்து நிமிடம் கழித்து எடுத்து, குளிருமோ என்று மேஜை விளக்குக்குக் கீழே வைத்தோம். காலையில் அசைவே இல்லை. மகள் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. நாங்கள் செய்ததில் எது தவறு? நாங்கள்தான் கொன்றுவிட்டோமா? (பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகி)

ப: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அது உங்கள் சோபாவுக்கு அடியில் பல நாள் செத்துக்கொண்டிருந்த தவளை. நீங்கள் பார்த்தது கடைசி மணி நேரங்களை. எல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எது தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மறைக்கவும் மாட்டேன். மூன்று தவறு: பில்லர், மக், விளக்கு. மூன்றுமே நாம் ஒரு மனிதக் குழந்தைக்குச் செய்வது போல யோசித்ததால் வந்தவை.

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. வயிற்றின் அடிப்பக்கமும் தொடையின் உட்பக்கமும் சேரும் இடத்தில் அதன் தோல் மெல்லியதாக, ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடும்படி இருக்கும். ஈரத்தில் அந்த இடத்தை அழுத்தி உட்கார்ந்தால் போதும், தண்ணீர் தோல் வழியாக உள்ளே போகும். ஈர மண்ணில் ஒரு தேரை கால்களை விரித்து, வயிறு பதிய அமர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோம்பலாக இருக்கிறது என்று நினைப்போம். அது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது.

வாயைத் திறந்து ஊற்றினால் என்ன ஆகும்? தவளையின் மூச்சுக்குழல் வாசல் வாயின் தரையிலேயே, நாக்குக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. தெம்புள்ள தவளை அதை இறுக்கி மூடிக்கொள்ளும். அரை உயிரில் கிடக்கும் தவளையால் முடியாது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அது பாவம், வாயே திறக்கவில்லை.

அடுத்தது மக். தண்ணீரில் வாழ்கிற பிராணி மூழ்கிச் சாகுமா என்று கேட்கலாம். சாகும். வளர்ந்த தவளைக்கு நுரையீரல் உண்டு. மேலே வந்து காற்று எடுத்தாக வேண்டும். தலையைத் தூக்கத் தெம்பில்லாத தவளையை ஆழத்தில் போடுவது, மயங்கிக் கிடப்பவரைக் குளத்தில் இறக்குவதற்குச் சமம். விளக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. காய்ந்துபோனதை இன்னும் காய வைத்தோம். தவளைக்கு நம்மைப் போல உடம்புச் சூடு கிடையாது. அறையின் சூடே அதன் சூடு. அதற்குக் குளிருமே என்று நாம் கவலைப்பட வேண்டாம்.

இனி, என்ன செய்திருக்கலாம் என்பது. இதை என் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

மூன்று வருடம் முன்னால் ஒரு காலை. "அத்தை, உங்க ஆளு ஒண்ணு இங்க கிடக்குது" என்று மருமகள் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், மோட்டார் சூடு அடிக்கும் இடத்தில் ஒரு மரத்தவளை. கால் நான்கையும் உடம்புக்கு அடியில் மடக்கி, தாடையைத் தரையில் ஒட்டி, ஒரு கூழாங்கல் மாதிரி இருந்தது. இந்த உட்காரும் விதத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியும் தோலைக் குறைத்து, இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றத் தவளை செய்யும் ஏற்பாடு இது. இப்படி மடங்கிக் கிடந்தால் நம்பிக்கை உண்டு. கை கால் நாலாபுறமும் தளர்ந்து விரிந்து கிடந்தால் நம்பிக்கை குறைவு.

நான் செய்த முதல் காரியம் தவறு. அவசரமாகக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் சில சொட்டு ஈரம் ஒழுகியது. தெளிந்த தண்ணீர் மாதிரி, வாடையே இல்லை. பயந்து மூத்திரம் விட்டது என்று மருமகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவளையின் மூத்திரப்பை வெறும் கழிவுப் பை அல்ல, அதன் சேமிப்புத் தொட்டி. வறட்சியில் அங்கிருந்துதான் தண்ணீரைத் திரும்ப உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் ஒரு தவளை அந்தத் தொட்டியை நிரப்பிக்கொண்டு மண்ணுக்குள் போய், அடுத்த பெருமழைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறது. என் தவளையிடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது நல்ல சேதி. அதை என் அவசரத்தில் நானே கொட்டினேன். அதனால்தான் சொல்கிறேன், காய்ந்த தவளையைக் கையில் வைத்து வீடு முழுக்கக் காட்டாதீர்கள். ஓர் அட்டையாலோ தட்டாலோ தள்ளி ஏற்றுங்கள். கையால்தான் எடுக்க வேண்டும் என்றால் சோப்பு, கிரீம் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் நன்றாக அலசி, ஈரம் சொட்டச் சொட்ட எடுங்கள். தண்ணீர் போகும் தோல் வழியாகவே மற்றதும் போகும். ஃபினாயில் போட்டுத் துடைத்த தரை வீட்டுத் தவளைகளுக்கு ஆபத்தாக இருப்பதும் இதனால்தான்.

ஒரு தட்டையான பிளாஸ்டிக் டப்பா எடுத்தேன். ஒரு பக்கத்துக்கு அடியில் தீப்பெட்டியை வைத்துச் சாய்த்தேன். தாழ்ந்த பக்கத்தில் அரை சென்டிமீட்டர் தண்ணீர், உயர்ந்த பக்கத்தில் ஈரத்துணி. தவளையின் வயிறும் தொடையும் தண்ணீரில், தாடை துணி மேல். அளவு இவ்வளவுதான்: தண்ணீர் தாடைக்கு மேலே ஏறக் கூடாது. தலை தொங்கினால் துணியை மடித்து முட்டுக் கொடுங்கள். முதுகின் மேல் இன்னொரு ஈரத்துணியை லேசாகப் போட்டேன், மூக்கை மூடாமல். தோல் காய்ந்தால் அதன் வழியாக நடக்கும் மூச்சும் நின்றுபோகும். முக்கியமாக, கரியமில வாயு வெளியேறுவதில் பெரும்பங்கு தோலுக்குத்தான்.

எந்தத் தண்ணீர்? மழைத்தண்ணீர், கிணற்றுத்தண்ணீர், பாட்டில் தண்ணீர், எது கையில் இருந்தாலும் சரி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அகலப் பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தது நல்லது. குளோரமின் கலந்த தண்ணீர் அப்படி வைத்தாலும் சரியாகாது. ஆனால் தவளை சாகக் கிடக்கும்போது ஒரு நாள் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். வேறு எதுவுமே இல்லையென்றால் குழாய்த் தண்ணீரில் ஆரம்பித்து, நல்ல தண்ணீர் கிடைத்ததும் மாற்றுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், வெந்நீர் வேண்டவே வேண்டாம்.

தூசையும் முடியையும் உடனே பிய்க்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் ஊறிய பிறகு தூசு தானாகவே பிரியும். முடி காலில் இறுகியிருந்தால் இழுக்காமல் சின்னக் கத்தரியால் வெட்டுங்கள். இழுத்தால் தோலோடு வரும்.

அப்புறம் டப்பாவை மூடி (மூடியில் ஓட்டைகள் உண்டு), நிழலான மூலையில் வைத்துவிட்டு விலகினேன். இந்த விலகுவதுதான் கஷ்டம். வீட்டில் எல்லோரும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்க வந்தார்கள். நான் காவல் இருந்தேன்.

பழக்கதோஷம் விடுமா? ஆய்வகத்தில் கழித்துக்கட்டிய பழைய தராசு ஒன்று என்னிடம் இருக்கிறது. டப்பாவில் வைக்கும் முன்பே எடை பார்த்திருந்தேன்: 11.2 கிராம். ஒரு மணி நேரம் கழித்து 12.9. மூன்று மணி நேரத்தில் 15.1. கிட்டத்தட்ட நான்கு கிராம் தண்ணீர், ஒரு சொட்டுகூட வாய் வழியாக இல்லை. அதாவது அது தன் எடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தது. அந்த அளவு நீரிழப்பில் நாம் இருக்க மாட்டோம். தவளைகள் இன்னும் தாங்கும். மண்ணுக்குள் புதைந்து வாழும் சில இனங்கள் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் இழந்தும் மீள்கின்றன. எல்லை தாண்டினால் கொல்வது எது தெரியுமா? ரத்தம் கெட்டிப்படுவது. பாகு மாதிரி ஆகிவிட்ட ரத்தத்தை அந்தச் சின்ன இதயத்தால் தள்ள முடிவதில்லை.

மாலையில் டப்பாவைத் திறந்தேன். கண்கள் மேலெழும்பியிருந்தன. தொண்டை 'தப்தப்' என்று அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த நொடி அது என் கண்ணாடி மேல் இருந்தது.

நல்ல கதையை மட்டும் சொன்னால் நியாயமில்லை. போன வருடம் மொட்டை மாடியில் காலி பக்கெட்டுக்குள் விழுந்து ஏற முடியாமல் காய்ந்த தேரை ஒன்றுக்கு இதையே அச்சுப் பிசகாமல் செய்தேன். எடை கொஞ்சம் ஏறியது. இரண்டு தடவை தொண்டை அசைந்தது. ராத்திரிக்குள் போய்விட்டது. பக்கெட்டில் எத்தனை நாள் வெயில் அடித்ததோ. உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள். ஆய்வகத்தில் 31 வருடம் இருந்தவளின் தவளையும் செத்தது என்று.

*

கே: உயிர் இருக்கிறதா இல்லையா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? எங்கள் வீட்டில் அரை மணி நேரம் வாதம் நடந்து, கடைசியில் வெளியே போட்டுவிட்டோம்.

ப: அரை மணி நேரம் போதாது. முதலில் தொண்டையைப் பாருங்கள். தவளைக்கு நெஞ்சுக்கூட்டை விரித்து மூச்சு இழுக்கும் வசதி கிடையாது. வாயின் தரையை ஏற்றி இறக்கிக் காற்றை உள்ளே தள்ளுகிறது. தாடைக்கு அடியில் துடிப்பு தெரிந்தால் வாதத்துக்கு இடமில்லை. தெரியவில்லை என்றால் ஈரப் பஞ்சின் நுனியால் கண்ணோரத்தை மெல்லத் தொடுங்கள். உயிர் இருந்தால் கண் உள்ளே இறங்கும். பின்னங்கால் விரலை லேசாக அழுத்தினால் காலை இழுக்கும். மல்லாக்கப் போட்டால் புரள முயலும். இந்தக் கடைசிச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து இருக்கிற தெம்பையும் உறிஞ்சிவிடாதீர்கள்.

மனிதர்களுக்குப் பார்ப்பது போல இதயத்தைப் பார்த்து முடிவு செய்வது தவளையிடம் செல்லாது. உடம்பிலிருந்து வெளியே எடுத்து வைத்த இதயம் சரியான உப்புக் கரைசலில் மணிக்கணக்கில் துடிப்பதைப் பார்த்தவள் நான். முதல்முறை பார்க்கும் மாணவர்களில் யாராவது ஒருவர் வெளியே போய் உட்கார்ந்துவிடுவார். காலின் துடிப்பும் அப்படித்தான். இத்தாலிய விஞ்ஞானி கால்வானி 1791இல் வெளியிட்ட ஆராய்ச்சி முழுவதும் செத்த தவளையின் கால் துள்ளியதைப் பற்றியதுதானே. அதனால் ஒரு துடிப்பைக் கண்டு துள்ளவும் வேண்டாம், அசைவில்லை என்று எறியவும் வேண்டாம். ஈரத்தில் வைத்து ஓர் இரவு கொடுங்கள். காலையில் கண் குழிந்து பால் படர்ந்திருந்தால், உடம்பு விறைத்திருந்தால், வாடை வந்தால் முடிந்தது.

அருகில் சிறு பிராணிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் இருந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம்; டப்பாவோடு தூக்கிக்கொண்டு போங்கள்.

*

கே: ஓ.ஆர்.எஸ். கரைசலில் வைத்தால் வேகமாகத் தேறுமே? வயிற்றுப்போக்குக்கு நமக்கு அதைத்தானே கொடுக்கிறார்கள். (மருந்தாளுநர்)

ப: மருந்தாளுநராக இருப்பதால் உங்களிடம் கணக்கோடு பேசலாம். நம் ரத்தத்துக்குச் சமமான உப்புக் கரைசல் 0.9 சதவீதம். தவளைக்கு அது 0.65 சதவீதம்தான், அதன் ரத்தம் நம்முடையதைவிட நீர்த்தது. இப்போதைய ஓ.ஆர்.எஸ்.ஸின் அடர்த்தி லிட்டருக்கு 245 மில்லியாஸ்மால். நல்ல நிலையில் உள்ள தவளையின் ரத்தமும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் இருக்கும். வெளியிலும் உள்ளேயும் ஒரே அடர்த்தி என்றால் தண்ணீர் எதற்காக உள்ளே போகும்? காய்ந்த தவளையின் ரத்தம் கெட்டியாக இருக்கும்வரை கொஞ்சம் போகும், பிறகு நின்றுவிடும். நமக்கு ஓ.ஆர்.எஸ். வேலை செய்வது குடலில், குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து உள்ளே போகும் வழியில். தவளையின் வயிற்றுத் தோல் குடல் அல்ல. வெறும் தண்ணீரே அதற்கு மருந்து.

மருத்துவர்கள் தவளைக்கென்று ஒரு கரைசல் வைத்திருக்கிறார்கள். லிட்டருக்கு சோடியம் குளோரைடு 6.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.15, கால்சியம் குளோரைடு 0.15, சோடியம் பைகார்பனேட் 0.2. வீட்டில் கரண்டியால் அளந்து செய்யும் சமாசாரம் இல்லை இது.

அந்தக் கரைசலின் பெயரைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும்: ரிங்கர். நீங்கள் தினம் எடுத்துக் கொடுக்கும் ரிங்கர் லாக்டேட் பாட்டிலின் பெயரில் இருக்கிறாரே, அதே சிட்னி ரிங்கர். 1880களில் லண்டனில் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்து ஆராய்ந்தவர். முதலில் உப்பும் தண்ணீரும் போதும், இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று எழுதினார். பிறகு பார்த்தால், கரைசலுக்கு எடுத்தது காய்ச்சி வடித்த தண்ணீர் அல்ல, குழாய்த் தண்ணீர் என்று தெரிந்தது. வடித்த தண்ணீரில் செய்தபோது துடிப்பு சீக்கிரமே தளர்ந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் கரைந்திருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. 1883இல் அந்தத் தவறை அவரே அச்சில் ஒப்புக்கொண்டு திருத்தினார். 1930களில் ஹார்ட்மன் என்ற குழந்தை மருத்துவர் அதில் லாக்டேட்டைச் சேர்த்தார். இன்று ஆஸ்பத்திரிக் கம்பியில் தொங்கும் பாட்டில் நமக்கு வந்தது தவளை வழியாகத்தான்.

*

கே: தவளை தோலால் தண்ணீர் குடிக்கும் என்று முதலில் யார் கண்டுபிடித்தார்கள்? அவர் எப்படி அதைப் பார்த்தார்? (ஏழாம் வகுப்பு மாணவன்)

ப: நல்ல கேள்வி தம்பி. ராபர்ட் டவுன்சன் என்ற ஆங்கிலேயர், 1790களில். மரத்தவளைகளை வளர்த்தார். அவை ஒருபோதும் வாயால் குடிக்காததைக் கவனித்தார். பிறகு தராசில் நிறுத்தார். காய்ந்திருந்த தவளையை ஈரமான மையொற்றுத் தாளின் மேல் உட்கார வைத்து, திரும்ப நிறுத்தார். எடை கூடியிருந்தது. கவனி, தண்ணீரில்கூட இல்லை, ஈரத்தாளில். தராசும் தாளும் பொறுமையும் இருந்தால் போதுமான ஆராய்ச்சி அது. தோலின் செல்களில் தண்ணீர் போகும் நுண்ணிய வழிகள் உண்டு, அவற்றுக்கு அக்வாபோரின் என்று பெயர். அவற்றைக் கண்டுபிடித்ததற்காக பீட்டர் ஆக்ரி 2003இல் நோபல் பரிசு பெற்றார். அவர் முதலில் கண்டது மனித ரத்தச் செல்களில். தவளைத் தோலிலும் அவை இருப்பது பிறகு தெரிந்தது. நீ வீட்டில் தவளையைக் காய வைத்துச் சோதித்துப் பார்க்காதே. அந்த எண்ணம் வந்திருக்கும், எனக்குத் தெரியும்.

*

கே: கல்லுக்குள் தேரை உயிரோடு இருக்கும் என்கிறார்கள். பனியில் உறைந்த தவளை பிழைக்கும் என்றும் படித்தேன். அப்படியிருக்க, சருகு போல முழுவதும் காய்ந்த தவளை மட்டும் தண்ணீர் பட்டால் ஏன் பிழைக்காது?

ப: உறைந்த தவளை உண்மை. வட அமெரிக்காவின் மரத்தவளை இனம் ஒன்று குளிர்காலத்தில் உடம்புத் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டியாகி, இதயமும் நின்று கிடக்கும். உருகியதும் எழுந்து போகும். ஆனால் அங்கே தண்ணீர் உடம்பைவிட்டு வெளியேறவில்லை. உருவம் மட்டும்தான் மாறியது. செல்களுக்குள் உறையாமல் இருக்க, உடம்பு உறைய ஆரம்பித்ததுமே அது ஈரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது. முழுவதும் காய்ந்து திரும்ப எழும் வித்தை நீர்க்கரடி என்ற கண்ணுக்கெட்டாத சின்னப் பிராணிக்கு உண்டு, தவளைக்கு இல்லை. சருகாகிவிட்டது சருகுதான்.

கல்லுக்குள் தேரையை வில்லியம் பக்லாண்ட் என்ற புவியியலாளர் சோதித்தே பார்த்திருக்கிறார். 1825 நவம்பரில் 24 தேரைகளைக் கல்லில் குடைந்த குழிகளில் வைத்தார். பன்னிரண்டு குழி நுண்துளைகள் உள்ள சுண்ணாம்புக்கல்லில், பன்னிரண்டு இறுக்கமான மணற்கல்லில். மேலே கண்ணாடி வைத்து அடைத்து, தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் புதைத்தார். ஒரு வருடம் கழித்துத் தோண்டினால் மணற்கல்லில் இருந்தவை எல்லாமே செத்து அழுகியிருந்தன. சுண்ணாம்புக்கல்லில் சில உயிரோடு இருந்தன. விடுவாரா மனிதர்? திரும்பப் புதைத்தார். இரண்டாவது வருடம் முடியும் முன் மிச்சமும் போய்விட்டன. ஆக, காற்றும் ஈரமும் கசியும் இடுக்கில் தேரை பட்டினியாகப் பல மாதம் கிடக்கும் என்பதுவரை சரி. கல்லுக்குள் யுகக்கணக்கில் என்பது கதை. எனக்கு அந்த 24 தேரைகள் மேல்தான் வருத்தம். நான் பேசக் கூடாது, இருந்தாலும்.

*

கே: தவளையைத் தொட்டால் கையில் மரு வருமா?

ப: வராது. மரு மனிதருக்கு மனிதர் தொற்றும் ஒரு வைரஸால் வருவது. ஆனால் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மோனெல்லா இருக்கலாம், தேரையாக இருந்தால் காதோரச் சுரப்பியின் விஷம் கண்ணில் பட்டு எரியும். தொடும் முன் சோப்பில்லாமல், தொட்ட பின் சோப்போடு. மாற்றிச் செய்துவிடாதீர்கள்.

*

கே: நாங்கள் காப்பாற்றிய தவளையை நல்ல ஏரியாகப் பார்த்து, காரில் கொண்டுபோய் விட்டு வந்தோம். சரிதானே?

ப: மனம் சரி, இடம் சரியில்லை. ஏரியில் வாழும் இனமா, மரத்தில் வாழும் இனமா என்று பார்த்தீர்களா? விரல் நுனியில் வட்டமான திண்டுகள் இருந்தால் அது மரமேறி. அதை ஏரி நடுவில் இறக்கிவிட்டால் திகைத்துப் போகும். இன்னொன்று, கைட்ரிட் என்ற பூஞ்சை. 1990களின் இறுதியில் அடையாளம் காணப்பட்டது. தோலைத் தாக்கி, தோல் வழியாக உப்பு போய்வருவதைக் குலைத்து, கடைசியில் இதயத்தை நிறுத்துகிறது. உலகம் முழுக்கப் பல தவளை இனங்கள் இதனால் அழிந்திருக்கின்றன. ஓர் இடத்துத் தவளையை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதும், அது ஊறிய தண்ணீரை வேறு குளத்தில் ஊற்றுவதும் அந்தப் பூஞ்சைக்கு வண்டி பிடித்துக் கொடுப்பது மாதிரி. கண்டெடுத்த வீட்டை ஒட்டி, சூரியன் இறங்கிய பிறகு, ஈரமும் மறைவும் உள்ள இடத்தில் விட்டால் போதும். சாப்பாடு கொடுத்துத் தேற்றி அனுப்ப வேண்டும் என்றும் இல்லை. தெம்பு வந்தால் பூச்சியை அதுவே பிடித்துக்கொள்ளும்.

*

கே: வெளியே விட்டால் மறுபடி வீட்டுக்குள்தான் வருகிறது. என்ன செய்ய?

ப: எங்கள் வீட்டிலும் வருகிறது. அதே ஆள்தானா என்று தெரியாது. முதுகில் ஒரு வெளிறிய கோடு ஒத்துப்போகிறது. விளக்குக்கு வரும் பூச்சிக்காகவும் குளியலறை ஈரத்துக்காகவும் வருகிறார். நான் கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்தேன். ஜன்னல் வழியாக வந்தார். இப்போது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு பழைய பாட்டில் மூடியில் தண்ணீர் வைத்திருக்கிறேன். மருமகள் தரை துடைக்கும்போது அதை நகர்த்தித் துடைத்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைக்கிறாள். நான் சொல்லவில்லை.

அறுந்து விழுந்த பல்லி வால் எவ்வளவு நேரம் துடிக்கும் என்று மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. அடுத்த இதழில்.